திருத்தம் 69-க்கு எதிராக நான் வாக்களிப்பது குறித்து

வாசகர் கேள்வி, 2016 ஆகஸ்ட் 27

அமெரிக்காவின் கொலராடோவில் குடியிருக்கும் ஒவ்வொருவரின் மருத்துவச் செலவையும் மாநிலமே ஏற்கும் திட்டம் ஒன்று நவம்பர் வாக்குச்சீட்டில் வருகிறது. அதற்கு எதிராக வாக்களிக்கப் போவதாக வேறோர் இழையில் ஒற்றை வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அரசு மருத்துவமனையில் பிறந்து, அரசுக் கல்லூரியில் படித்து, விமானம் ஏறியவர் நீங்கள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கக் கூசவில்லையா?

2016 ஆகஸ்ட் 27, இரவு

கூசுகிறது. ஒற்றை வரியோடு நகர்ந்ததற்கு அதுதான் காரணம்.

வாக்குச்சீட்டில் வருவது 'கொலராடோகேர்' என்னும் அமைப்பை மாநில அரசியலமைப்புக்குள் எழுதிவைக்கும் திருத்தம் 69. மாநிலத்தை முதன்மைக் குடியிருப்பாகக் கொண்ட அனைவருக்கும், ஏறக்குறைய 55 லட்சம் பேருக்கு, மருத்துவமனைக்கும் மருத்துவருக்கும் மருந்துக்கும் அந்த அமைப்பே பணம் கொடுக்கும். முதியோருக்கான மெடிக்கேரும் முன்னாள் படைவீரர்களுக்கான ஏற்பாடுகளும் அப்படியே தொடரும். ஏழைகளுக்கான மெடிக்கெய்டின் பணம் இதற்குள் வந்துவிடும். டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்டித் தீர்க்க வேண்டிய தொகை, அறவே கிடையாது. இவை எல்லாவற்றுக்குமாகச் சம்பளத்தின் மீது 10 விழுக்காடு வரி. என் ஆண்டுச் சம்பளம் 1,10,000 டாலர். ஆக 11,000 டாலர் என் பையிலிருந்து போகும். இப்போது காப்பீட்டுக்காக நான் கட்டுவது அதில் பாதிக்குச் சற்றே அதிகம். கணக்கு அவ்வளவுதான்.

2016 ஆகஸ்ட் 28

கணக்கு அவ்வளவுதான் என்று எழுதியவன் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். மூன்று பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார் என்பது அவர் எழுதிய தொனியிலேயே தெரிந்தது.

10 விழுக்காட்டில் 6.67 நிறுவனம் கட்ட வேண்டியது, 3.33 மட்டுமே தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கப்படும். ஆகவே என் பங்கு 3,663 டாலர். இன்று மாதம் 540 டாலர் வீதம் ஆண்டுக்கு 6,480 டாலர் என் சம்பளத்திலிருந்து காப்பீட்டுக்குப் போகிறது. அதோடு நின்றிருந்தால் எனக்கு ஏறக்குறைய 2,800 டாலர் இலாபம்.

ஆனால் என் மனைவி வீட்டிலிருந்தபடி சிறு கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கிறாள். அவளுக்கு முதலாளி கிடையாது. அவளே முதலாளி, அவளே தொழிலாளி. இத்தகைய வருமானத்துக்கு முழு 10 விழுக்காட்டையும் அவர்களே கட்ட வேண்டும். அவளுடைய 38,000 டாலருக்கு 3,800. இரண்டையும் கூட்டினால் 7,463. நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள்தான் இதைக் கூட்டி, அடியில் இரண்டு கோடு போட்டு என் பக்கம் தள்ளினாள். இன்றைக்குக் கட்டுவதைவிட 983 டாலர் கூடுதல். ஆனால் எங்கள் காப்பீட்டின் டிடக்டிபிள் 4,000 டாலர். வீட்டில் ஒருவர் ஒருமுறை மருத்துவமனையில் படுத்தாலே இந்த 983 டாலர் காணாமல் போகும். "ஆக, உங்கள் எதிர்ப்புக்குக் காசு காரணமில்லை என்றாகிவிட்டது, வேறு காரணம் இருந்தால் இனிமேல்தான் தேட வேண்டும்" என்றாள்.

தேடுகிறேன்.

2016 ஆகஸ்ட் 30

காப்பீட்டு நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழுப்பு நிறக் கோப்பு இருக்கிறது. 2014-இல் என் மகனுக்குக் குடல்வால் வீங்கி, விடியற்காலை இரண்டரை மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐந்து மணிக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. பதினெட்டு நாள் கழித்து வந்த கடிதத்தில், முன் அனுமதி பெறாத காரணத்தால் 31,000 டாலர் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று இருந்தது. குடல்வால் யாரிடம் முன் அனுமதி கேட்டுவிட்டு வீங்கும்? ஏழு மாதம் தொலைபேசியில் காத்திருந்தும், தொலைநகல் அனுப்பியும், அனுப்பியது வரவே இல்லை என்பதைக் கேட்டு மறுபடி அனுப்பியும், இறுதியில் 4,000 போக மீதியைக் கட்டினார்கள். காத்திருக்கும்போது ஓடிய அந்தப் பியானோ மெட்டை இன்றும் என்னால் பிசகாமல் முணுமுணுக்க முடியும். அவர்களுக்கு வக்காலத்து வாங்க என்னிடம் ஒரு சொல்கூடக் கிடையாது.

2016 செப்டம்பர் 4

தேடியதில் கிடைத்தது இது.

கொலராடோ ஹெல்த் இன்ஸ்டிட்யூட் என்ற, எந்தக் கட்சியையும் சாராத ஆய்வு நிறுவனம் ஆகஸ்டில் இந்தத் திட்டத்தின் வரவு செலவை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. முதல் ஆண்டில் வரவும் செலவும் ஏறக்குறைய ஒட்டியே நிற்கும்; பற்றாக்குறை 25.3 கோடி டாலர். இத்தனை பெரிய திட்டத்தில் அது சில்லறை. ஆனால் ஆண்டுக்காண்டு இடைவெளி விரிந்து, 2028-இல் அது 780 கோடி டாலராகும் என்கிறது அறிக்கை. காரணத்தைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. வரவு, சம்பளம் உயரும் வேகத்தில் உயரும். செலவு, மருத்துவக் கட்டணம் உயரும் வேகத்தில் உயரும். இந்த நாட்டில் இரண்டாவது முதலாவதை முந்தி ஓடிக்கொண்டேயிருக்கிறது. மெல்ல மெல்லவே நீர் கூடும் குழாயை வைத்துக்கொண்டு, அதைவிட வேகமாக ஆழமாகிக்கொண்டே போகும் தொட்டியை நிரப்பச் சொல்வது போன்றது இது.

ஆதரவாளர்களின் கணக்கு வேறு. தனியார் காப்பீட்டின் நிர்வாகச் செலவு ஒழியும், ஒரே அமைப்பாகப் பேரம் பேசினால் மருந்து விலை இறங்கும், ஆகவே பணம் போதும் என்கிறார்கள். நிர்வாகச் செலவு ஒழியும் என்பதை நம்புகிறேன். என் பழுப்புக் கோப்பே அதற்குச் சாட்சி. ஆனால் அது ஒருமுறை மிச்சமாகும் பணம். அடுத்த ஆண்டு மறுபடியும் மிச்சமாக, ஒழிப்பதற்கு அங்கே நிர்வாகம் மீதி இருக்காது. விலை ஏறுவதோ ஆண்டுதோறும் நடப்பது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தத் திட்டம் முதல் ஆண்டில் வழங்குவதாகச் சொல்லும் மருத்துவத்தில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. என் கேள்வி பத்தாவது ஆண்டைப் பற்றியது.

2016 செப்டம்பர் 11

டென்வரை அடுத்த அரோராவில் உணவகம் நடத்தும் ஓர் அண்ணன் நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். ஆண்டுச் சம்பளப் பட்டியல் 6,00,000 டாலர். ஐம்பது பேருக்குக் குறைந்த இடம் என்பதால் ஊழியர்களுக்குக் காப்பீடு கொடுக்கும் கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் கொடுப்பதும் இல்லை. 6.67 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 40,020 டாலர். "தம்பி, போன வருசம் எல்லாம் போக என் கையில் நின்றது ஐம்பத்திரண்டாயிரம். அதில் நாற்பதைக் கொடுத்துவிட்டு நான் எதற்கு அடுப்பு மூட்ட வேண்டும்?" என்றார். பிரியாணித் தட்டின் விலையை ஒன்றரை டாலர் ஏற்றினால் சரிக்கட்டலாமே என்றேன். ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்றும், கொத்துமல்லி விலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். இரண்டும் உண்மைதான்.

பெரிய நிறுவனங்களுக்கு இது இலாபமாகவே முடியலாம். சென்ற ஆண்டு நாடு முழுவதும் குடும்பக் காப்பீட்டின் சராசரி விலை 17,545 டாலர், அதில் தொழிலாளி கட்டியது 4,955 மட்டுமே, மிச்சம் நிறுவனத்தின் தலையில். ஊழியர்களுக்குக் காப்பீடு கொடுத்துவருகிறவர் தப்பிப்பார், கொடுக்காதவர் மாட்டுவார். கொடுக்காதவர்களில் பேராசைக்காரரும் உண்டு, முடியாதவரும் உண்டு, 6.67 என்ற எண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அண்ணனுக்கு அது குருவி தலையில் பனங்காய்.

2016 செப்டம்பர் 12

இரண்டு பிழைத்திருத்தங்கள். வேலையில் அடிபட்டால் ஆகும் மருத்துவச் செலவையும் கொலராடோகேர் ஏற்கும் என்பதால், முதலாளிகள் அதற்காகக் கட்டும் விபத்துக் காப்பீட்டின் ஒரு பகுதி குறையும். ஆகவே அண்ணனின் நிகரச் சுமை 40,020-க்குக் கீழேதான் வரும். அடுப்பும் எண்ணெயும் கத்தியும் உள்ள தொழிலில் அந்தக் குறைவு கொஞ்சநஞ்சமாக இராது.

இரண்டாவது, நேற்றைய குறிப்பில் முதலாளி மட்டுமே பேசினார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம். அந்த உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் முதியவர் ஒருவர், பூட்டானிலிருந்து அகதியாக வந்து நேபாளி பேசுபவர். ஆண்டுக்கு 19,000 டாலர் சம்பாதிக்கிறார். தனியாளுக்கு மெடிக்கெய்ட் எல்லை இந்த ஆண்டு 16,394 டாலர். ஆகவே அதற்கு அவர் 'பணக்காரர்'. அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் மானியத்தோடு கிடைக்கும் காப்பீட்டை வாங்கியிருக்கிறார். அதன் டிடக்டிபிளை அவரால் கனவிலும் எட்ட முடியாது. சென்ற மாதம் முன்னங்கையில் கொதிக்கும் எண்ணெய் தெறித்ததும் பற்பசையைத் தடவி, அதன் மேல் மீந்த உணவை மூடிவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொட்டியடிக்குப் போய்விட்டார். வேலையில் பட்ட காயத்துக்கு அவர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த உறைக்குள் கை வெளுத்து ஊறிப்போயிருந்ததை நான் பார்த்தேன். திருத்தம் 69 நிறைவேறினால் அவர் ஆண்டுக்கு 633 டாலர் கட்டி, என்னைப் போலவே எந்த மருத்துவரிடமும் போகலாம்.

இதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. எழுதி வைக்கிறேன்.

2016 செப்டம்பர் 19

பணக் கணக்கைத் தவிர வேறு ஆட்சேபம் உண்டா என்ற கேள்விக்கு: மூன்று உண்டு.

ஒன்று, இது சட்டமாக வராமல் அரசியலமைப்புக்குள் போகிறது. வரி விழுக்காடு, வருமான உச்சவரம்பு (தனியாளுக்கு 3,50,000, தம்பதிக்கு 4,50,000 டாலர்), அறங்காவலர் எண்ணிக்கை எல்லாம் அதிலேயே எழுதப்படும். பத்தாண்டில் நான்கு முறையாவது மாற்ற வேண்டிவரும் ஏற்பாட்டைக் கல்லில் வெட்டுகிறார்கள்.

இரண்டு, அமைப்பை நடத்த ஏழு வட்டாரங்களிலிருந்து வட்டாரத்துக்கு மூவராக 21 அறங்காவலர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் ஆண்டில் வரியாகவே 2,500 கோடி டாலர் இவர்கள் கைக்கு வரும். மாநிலத்தின் மொத்த வரவுசெலவுத் திட்டமே ஏறக்குறைய 2,700 கோடி. ஆளுநருக்கு இந்த அமைப்பின் மீது அதிகாரம் இல்லை, சட்டமன்றத்துக்கும் இல்லை. எங்கள் பள்ளி வட்டாரக் குழுத் தேர்தலில் யார் நின்றார்கள் என்று கேட்டால் என் தெருவில் இருவருக்குக்கூடப் பெயர் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்டதொரு தேர்தலில் இன்னொரு மாநில அரசையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

மூன்று, இந்த மாநில அரசியலமைப்பில் 1984 முதல் ஒரு தடை இருக்கிறது: கருக்கலைப்புக்குப் பொதுப்பணம் செலவிடக் கூடாது. கொலராடோகேர் பொதுப்பணம். ஆகவே இன்று தனியார் காப்பீட்டின் வழியாக அந்தச் சேவையைப் பெறும் பெண்கள் நாளை அதை இழக்கக்கூடும். கருக்கலைப்பு உரிமைக்காகவே இயங்கும் நாரல் அமைப்பின் கொலராடோ கிளை இதனால்தான் திருத்தத்தை எதிர்க்கிறது. இதை வலதுசாரிகளின் சதி என்று எழுதியவர் கவனிக்கவும்.

2016 செப்டம்பர் 24

மேலே உள்ள முதல் ஆட்சேபத்தைப் பற்றி வந்த மறுப்புகள் என் நிலையை நன்றாகவே அசைத்திருக்கின்றன.

1992-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 'டேபர்' என்ற வரிக்கட்டுப்பாட்டுத் திருத்தம் இந்த மாநிலத்தின் அரசியலமைப்பில் இருக்கிறது. மாநிலம் எந்த வரியை உயர்த்தினாலும் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். வருவாய் வளர்ச்சிக்கும் வரம்பு உண்டு. அந்தக் கட்டிலிருந்து நிலையாக விலக்கு வேண்டுமென்றால் அதே அரசியலமைப்புக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். 'ஏன் அரசியலமைப்பில் எழுதுகிறார்கள்' என்று நான் கேட்டது, பூட்டிய வீட்டுக்குள் இருப்பவனைப் பார்த்து ஏன் சாளரம் வழியாக வருகிறாய் என்று கேட்பதைப் போன்றது. இத்திட்டத்தின் சிற்பியான மருத்துவரும் மாநிலச் செனட்டருமான ஐரீன் அகிலார் ஆண்டுக்கணக்காகச் சட்டமன்றக் கதவைத் தட்டிப் பார்த்த பிறகே மக்களிடம் கையெழுத்துத் திரட்டி வாக்குச்சீட்டில் ஏற்றும் வழிக்கு வந்தார்.

இன்னொன்று. அறங்காவலர்கள் நினைத்தபடி வரியை ஏற்றலாம் என்று நான் பின்னூட்டம் ஒன்றில் எழுதியது தவறு. அவர்கள் முன்மொழியலாம், உறுப்பினர்கள், அதாவது ஓராண்டு தொடர்ந்து இங்கு வசித்த 18 வயது நிரம்பியவர்கள், வாக்களித்தால்தான் ஏறும்.

இந்தப் பிழைத்திருத்தம் என் பயத்தைக் குறைக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறது. உறுப்பினர்கள் 'ஏற்ற வேண்டாம்' என்றால் என்ன நடக்கும்? பற்றாக்குறை 780 கோடியை நோக்கி நடக்கும், வரி ஏறாது, அப்போது சேவையைக் குறைப்பது ஒன்றே வழி. எதைக் குறைப்பார்கள், யாருக்குக் குறைப்பார்கள் என்பதை அந்த 21 பேர் முடிவு செய்வார்கள். பாத்திரம் கழுவும் பெரியவர் அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பேசப் போவதில்லை. என்னைப் போன்ற படித்த, நேரமுள்ள, கோப்பு வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் போவோம்.

2016 அக்டோபர் 2

யாரோடு நிற்கிறேன் என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார் ஒருவர். பார்த்தேன். எதிர்ப்புக் குழுவுக்கு அதிகமாகப் பணம் கொடுத்திருப்பது ஆந்தம் என்ற காப்பீட்டு நிறுவனம், 10 லட்சம் டாலர். திட்டம் வந்தால் கடையை மூட வேண்டியவர்கள் அவர்கள், கொடுக்காமலா இருப்பார்கள்? அந்தப் பணத்தில் அச்சான வழவழப்பான அட்டைகள் வாரம் இரண்டு என் அஞ்சல் பெட்டிக்கு வருகின்றன. அவற்றில் இருக்கும் குடும்பங்கள் எல்லாம் ஒரே போலக் கவலையாகப் பார்க்கின்றன.

ஆனால் அந்தப் பக்கத்தில் ஆந்தம் மட்டும் நிற்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் ஹிக்கன்லூப்பர் நிற்கிறார். செனட்டர் மைக்கேல் பென்னெட் நிற்கிறார். அவர்களோடு வேறெதிலும் ஒத்துப்போகாத குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநிலப் பொருளாளர் வாக்கர் ஸ்டேபிள்டன் நிற்கிறார். மறுபக்கத்தில் பெர்னி சாண்டர்ஸ். அதிபர் வேட்பாளர் தேர்வில் நான் மார்ச்சில் ஆதரித்தவருக்கு எதிராக நவம்பரில் வாக்களிக்கப் போகிறேன் என்பது என் மகனுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

வெர்மாண்ட் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதே போன்ற திட்டத்துக்கு 2011-இல் சட்டமே இயற்றினார்கள். அதை வாக்குறுதியாக்கி வென்ற ஆளுநர் பீட்டர் ஷம்லின், 2014 டிசம்பரில் கணக்கு வந்ததும் கைவிட்டார்: நிறுவனங்களுக்கு 11.5 விழுக்காடு சம்பள வரியும், குடும்பங்களுக்கு வருமானத்தில் 9.5 விழுக்காடு வரை கட்டணமும் தேவைப்பட்டன. அங்கே முதலில் சட்டம், பிறகு கணக்கு, கணக்கு ஒத்துவராததும் நிறுத்தம். நிறுத்துவதற்கு ஓர் ஆளுநர் இருந்தார். இங்கே 10 என்ற எண்ணை முதலில் எழுதிவிடுகிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டால்கூடக் காலை எடுத்துவிடலாம். காலையும் சேர்த்துக் காரை பூசிவிட்டால் என்ன செய்வது?

2016 அக்டோபர் 3

காரை உவமை மிகை. நவம்பர் வாக்குச்சீட்டிலேயே திருத்தம் 71 என்று ஒன்று இருக்கிறது: இனி அரசியலமைப்பில் புதிதாக எதையும் சேர்க்க 55 விழுக்காடு வேண்டும், நீக்குவதற்கு மட்டுமானால் பாதிக்கு மேல் போதும். ஆகவே 69 சாதாரணப் பெரும்பான்மையில் உள்ளே வந்துவிட்டால், அதை முற்றாக வெளியே எறிவது எளிது, சீர்செய்வதுதான் கடினம். யோசித்தால் இது நான் சொன்னதைவிட மோசம்.

2016 அக்டோபர் 9

ஏணிக்கு வருகிறேன். முதல் கேள்வி கேட்டவர் விடவில்லை.

என் தந்தைக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை எங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நடந்தது. அவர் கட்டிலின் கீழே நான் பாய் விரித்துப் படுத்திருந்தேன். சிகிச்சைக்குப் பணம் கேட்கப்படவில்லை. அந்த ஏற்பாட்டில் மருத்துவர் அரசு ஊழியர், கட்டடம் அரசுடையது, மருந்தை 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்குமாக மொத்தமாக ஒப்பந்தம் கோரி வாங்குகிறது. அரசு அங்கே மருத்துவம் செய்கிறது. ஆகவே செலவு எவ்வளவு என்பது பெரும்பாலும் அதன் கையில் இருக்கிறது.

கொலராடோகேர் மருத்துவம் செய்யாது. பணம் கொடுக்கும். மருத்துவமனைகள் இன்று யாருடையவையோ நாளையும் அவர்களுடையவையாகவே இருக்கும். என் மகனின் குடல்வாலுக்கு 31,000 எழுதிய அதே கை அடுத்த ஆண்டும் எழுதும், இம்முறை முகவரி மட்டும் மாறும். ஒரே அமைப்பாகப் பேரம் பேசலாம் என்பது உண்மையே. ஆனால் மாநிலத்தின் மேற்கு மலைகளில் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஒரே ஒரு மருத்துவமனை இருக்கும் ஊர்களில் யாரோடு யார் பேரம் பேசுவது? 'முடியாது' என்று எழுந்து போக வேறு கடை வேண்டுமே.

எங்கள் மாவட்ட மருத்துவமனை போன்ற ஒன்றைக் கட்டும் முன்மொழிவு வாக்குச்சீட்டில் வந்தால் நான் கையெழுத்துத் திரட்டவே போவேன். அது வராது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆகவே இந்த வாக்கியத்தை என் நல்லெண்ணத்துக்குச் சான்றாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2016 அக்டோபர் 20

வாக்குச்சீட்டு அஞ்சலில் வந்துவிட்டது. இங்கே எல்லோருக்கும் வீட்டுக்கே வரும். நிரப்பி, உறையில் கையெழுத்திட்டு, பெட்டியில் போட வேண்டும். கூடவே முன்மொழிவுகளை இருதரப்பு வாதங்களோடு விளக்கும் நீலப் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

69-இன் கேள்வி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 'மாநில வரிகள் ஆண்டுக்கு 2,500 கோடி டாலர் உயர்த்தப்படலாமா' என்று. வரி கேட்கும் எந்த முன்மொழிவும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது டேபரின் விதி. அதுவும் முழுக்கப் பெரிய எழுத்தில். தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் அந்த அதட்டலை இங்கே காட்ட இயலவில்லை. குடும்பங்களும் நிறுவனங்களும் இப்போது கட்டிவரும் காப்பீட்டுப் பணம் நின்றுபோகும் என்பது அந்த முதல் வரியில் இல்லை. இது நேர்மையான கேள்வி இல்லை. என் பக்கம் வெல்லப் போகிறது என்றால் அதில் ஒரு பங்கு இந்த அதட்டலுக்குச் சேரும்.

என் மனைவி 'ஆம்' குறித்தாள். நான் பேனாவை வாங்கி 'இல்லை' குறித்தேன். இருவருமாகச் சேர்ந்து ஒரு முடிவையும் அனுப்பவில்லை என்று அவள் சொன்னாள். இரண்டு உறைகளையும் நான்தான் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

2016 நவம்பர் 10

தோற்றது. எதிராக ஏறக்குறைய 79 விழுக்காடு, ஆதரவாக 21. ஹிலாரி கிளிண்டன் வென்ற மாநிலம் இது. அவருக்கு வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இதற்கு 'இல்லை' என்றிருந்தாலொழிய இந்த எண் வராது. 2002-இல் ஆரெகனில் இதே போன்ற முன்மொழிவு இதே அளவில் தோற்றது, 1994-இல் கலிஃபோர்னியாவில் 73-க்கு 27. குறைந்தபட்ச ஊதிய உயர்வு அதே வாக்குச்சீட்டில் நிறைவேறியது. திருத்தம் 71-உம் நிறைவேறியது, தான் கேட்கும் 55-ஐச் சற்றே தாண்டி.

என் பக்கம் வென்ற இரவில் நான் மகிழவில்லை என்று எழுதினால் நடிப்பாகத் தோன்றும். மகிழ்ச்சியைப் பற்றி நினைக்கவே அன்றிரவு யாருக்கும் நேரமில்லை. வாஷிங்டனில் நடந்தது அப்படி: டிரம்ப் வென்றார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொலராடோகேருக்கு மத்திய அரசின் விலக்கு தேவைப்பட்டது. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் பணமும் தேவைப்பட்டது. இப்போது வந்திருப்பவர்கள் அந்தச் சட்டத்தையே ஒழிப்போம் என்று சொல்லி வந்தவர்கள். திட்டம் தொடங்குவதற்கு முன்னரே, 2017 ஜூலை முதல், 0.9 விழுக்காடு இடைக்கால வரி வேறு பிடித்தாக வேண்டியிருந்திருக்கும். 'பார்த்தாயா' என்று சிலர் எனக்குப் பாராட்டு எழுதியிருக்கிறார்கள். நான் இந்த இழையில் ஓரிடத்திலும் இதைச் சொல்லவில்லை. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான்.

உணவக அண்ணன் நேற்று இலவசமாக ஒரு தட்டுப் பிரியாணி கொடுத்தார். பின்கட்டில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. பெரியவருக்கு வாக்குரிமை இல்லை, அவர் இன்னும் குடியுரிமை பெறவில்லை.

2019 பிப்ரவரி 17

இழையைத் தோண்டி எடுத்தவருக்கு: ஆம், நிலைமை மாறியிருக்கிறது. சென்ற ஆண்டு என் வேலை போயிற்று, இப்போது ஒப்பந்தக்காரன். என் வருமானம் 92,000, மனைவியுடையது 41,000. இருவருக்கும் முதலாளி இல்லை. மானிய எல்லைக்கு மேலே இருப்பதால் காப்பீட்டுச் சந்தையில் முழு விலை: மாதம் 1,260 டாலர், ஆண்டுக்கு 15,120. இது மலிவான வெண்கல வகை. அதன் டிடக்டிபிளை எழுத எனக்கு மனம் வரவில்லை.

2016-இல் மனைவி கூட்டிய அந்தத் தாள் கோப்பில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் போட்டேன். 1,33,000-க்கு 10 விழுக்காடு 13,300. அதாவது 1,820 டாலர் மிச்சம், அதற்கு மேல் டிடக்டிபிளும் இல்லை. வரி 11.3 விழுக்காடு வரை ஏறியிருந்தாலும் எனக்கு நட்டமில்லை. உறுப்பினர்கள் ஏற்ற ஒப்புக்கொண்டிருப்பார்களா என்று கேட்டிருந்தேனே. இன்று நானே அதற்கு ஒரு வாக்கு.

பத்தாவது ஆண்டைப் பற்றிய என் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. ஆனால் அதைக் கேட்டவன் அன்று நிறுவனத்தின் காப்பீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டான் என்பதை அன்று நான் எழுதியிருக்க வேண்டும்.

2024 நவம்பர் 9

இந்த வாரம் திருத்தம் 79 நிறைவேறியது. கருக்கலைப்புக்குப் பொதுப்பணம் கூடாது என்ற 1984-இன் தடை நீங்கியது. ஆகவே 2016 செப்டம்பர் 19 குறிப்பில் உள்ள மூன்றாவது ஆட்சேபத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். முதலாவது அக்டோபர் 3-இல் உள்ளபடி. இரண்டாவது அப்படியே.